எரியாத பல்பு, சூடாகும் செல், ஒட்டாத காகிதம்: எளிய மின்சுற்றில் பிழை காணும் முறை

அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய வாரம் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எந்த ஊர்ப் பள்ளிக்குச் சென்றாலும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். தெர்மாகோலில் வீடு கட்டி, உள்ளே சிறு பல்பு பொருத்தி, முதல் நாள் இரவு எரியவிட்டு மகிழ்ந்த பிள்ளைகள், மறுநாள் காலையில் அது எரியாமல் போனதும் "செல்லு தீந்துட்டு சார்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கடைக்கு ஓடுகிறார்கள். புதுச் செல் போட்ட பிறகும் பல்பு எரிவதில்லை. நான் பார்த்தவரையில் பெரும்பாலும் குறை செல்லில் இருப்பதில்லை. கம்பி சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை ஊகித்துத் தேட வேண்டியதில்லை, அளந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் சுற்று மிக எளியது. 1.5 வோல்ட் செல்கள் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட டார்ச் பல்பு ஒன்று, ஒரு சுவிட்ச், சிறிது கம்பி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று ஆகியவை போதும். வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்கில் இந்தச் சோதனைகளுள் எதையும் செய்யக் கூடாது. கைபேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியையும் செல்லுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. அதன் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, மிகக் குறைவு என்பதால், கம்பிகள் தவறுதலாக உரசினால்கூட மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து தீப்பற்றக்கூடும்.

தேடத் தொடங்குமுன் ஒரு கருத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். மின்சாரத்தை வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உவமை எளிதில் பிடிபடுகிறது. ஆனால் அதே உவமைதான் அவர்களைத் தவறான பாதையிலும் கொண்டுபோய் விடுகிறது. கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ தலைமடைக்காரர் வயலுக்கு நீர் பாய்ந்த பிறகு மிஞ்சுவதே கடைமடைக்கு வருகிறது. அதுபோலவே முதல் பல்பு மின்சாரத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்த பல்புக்கு விடுகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மின்னூட்டம் அப்படிச் செலவாவதில்லை. பல்புக்குள் நுழையும் எலக்ட்ரான்கள் எத்தனையோ, அத்தனையும் மறுபக்கம் வெளியேறிச் செல்லுக்கே திரும்புகின்றன. 1 ஆம்பியர் என்பது ஒரு வினாடியில் சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் ஓரிடத்தைக் கடப்பது. கிளை பிரியாத சுற்றில் எந்த இடத்தில் எண்ணினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. செலவாவது, அந்த மின்னூட்டம் சுமந்து வரும் ஆற்றல். அது எங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதையே வோல்ட் அளவு காட்டுகிறது. ஆகவே பிழை தேடுபவர் முதலில் அளக்க வேண்டியது ஆம்பியரை அன்று, வோல்ட்டை.

பல்பு சிறிதும் எரியவில்லை

சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்துக்கொண்டு, மீட்டரை நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் திருப்புங்கள். கறுப்பு முனையைச் செல் பெட்டியின் எதிர்முனையில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை முதலில் செல் பெட்டியின் நேர்முனையில் வையுங்கள்.

அங்கே 3 வோல்ட்டை ஒட்டி வரவில்லையென்றால் குறை செல் பெட்டியிலேயே இருக்கிறது. சரியாகப் பூஜ்யத்தை ஒட்டி வந்தால், இரண்டு செல்லில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்றையொன்று எதிர்க்கும் இரு செல்களின் வோல்ட் கழிந்து இல்லாமலாகிவிடும். மூன்று செல் போடும் பெட்டியில் ஒன்று திரும்பியிருந்தால் 4.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.5 வோல்ட் வரும். அந்த எண்ணைக் கண்டவுடனேயே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

செல் பெட்டியில் 3 வோல்ட் இருந்தால், கறுப்பு முனையை அசைக்காமல் சிவப்பு முனையை மட்டும் சுற்றின் வழியே ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திச் செல்லுங்கள்: சுவிட்சின் முன்புறம், சுவிட்சின் பின்புறம், பல்பு ஹோல்டரின் ஒரு முனை, மறுமுனை, திரும்பி வரும் கம்பி. எங்கே 3 வோல்ட் என்பது திடீரெனப் பூஜ்யமாகிறதோ, அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் பாதை அறுந்திருக்கிறது. இதற்குக் காரணம் எளியது. பாதை அறுந்திருப்பதால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாததால் கம்பியிலோ பல்பிலோ வோல்ட் இறங்க வழியில்லை. ஆகவே செல்லின் முழு வோல்ட்டும் அந்த ஒரே இடைவெளியின் இரு கரைகளுக்கு இடையில் வந்து நிற்கிறது. பல்பின் இரு முனைகளுக்கு இடையில் 3 வோல்ட் நின்றும் அது எரியவில்லையென்றால், இழை அறுந்துவிட்டது, அல்லது பல்பின் அடிப்புள்ளி ஹோல்டரின் நாக்கைத் தொடவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு அந்தத் தகட்டு நாக்கைச் சற்று மேலே நெம்பிவிட்டால் பல நேரங்களில் அதுவே தீர்வாகிவிடுகிறது.

இடம் தெரிந்த பிறகு காரணத்தைப் பார்ப்போம். நம் பகுதியில் நான் அடிக்கடி காண்பது வைண்டிங் கம்பியால் வரும் குறை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் ஊருக்கு ஊர் இருப்பதால், அங்கே மிச்சமாகும் செம்புக் கம்பியைப் பிள்ளைகள் வாங்கி வந்து சுற்று அமைக்கிறார்கள். பார்வைக்கு அது பளபளக்கும் வெறும் செம்பாகத் தெரியும். உண்மையில் அதன் மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் தொட்டுக்கொள்ளாமல் காப்பதற்காகவே பூசப்பட்ட காப்புப் பொருள் அது. முனையில் ஒரு அங்குலம் அளவுக்கு உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, நிறம் மாறி இளஞ்சிவப்புச் செம்பு தெரிந்த பிறகே அந்தக் கம்பியை இணைக்க வேண்டும். மின்காந்தம் செய்த ஒரு மாணவி, ஆணியில் 100 சுற்றுக்கு மேல் வரிசை பிசகாமல் சுற்றி வைத்துவிட்டு, அது ஒரு குண்டூசியையும் இழுக்கவில்லையே என்று கண் கலங்கி நின்றாள். இரண்டு முனைகளையும் தேய்த்துக் கொடுத்தவுடன் ஊசிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. அவள் செய்த வேலையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற ஊர்களில் உப்புக்காற்று செல் பெட்டியின் சுருள்வில்லையும் சுவிட்சின் தகட்டையும் விரைவில் அரித்துவிடுகிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும் அந்தப் படலம் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. உலர்ந்த துணியால் துடைத்தால் மட்டும் அது போகாது, உப்புத்தாளால் சுரண்ட வேண்டும். கண்காட்சிப் பொருளை முந்திய மாதமே செய்து முடித்துவிடும் பிள்ளைகள், காட்சி நாளன்று காலையில் எல்லா முனைகளையும் ஒருமுறை சுரண்டிவிடுவது நல்லது.

எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது

இங்கே பாதை அறுந்திருக்கவில்லை. தேவையற்ற ஓரிடத்தில் தடை சேர்ந்திருக்கிறது. இதைத் தேடும்போது பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது முக்கியம். தனியே எடுத்து அளந்த செல் 1.4 வோல்ட் காட்டுகிறது, ஆகவே செல் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டுவது பலரும் செய்யும் தவறு. பழைய செல்லின் உள்தடை உயர்ந்திருக்கும். மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால் அந்த உள்தடையில் ஒன்றும் இறங்குவதில்லை, பல்பு 0.3 ஆம்பியர் கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும். பல்பு எரியும் நிலையில் அதே செல் 0.8 வோல்ட்டுக்கு விழுந்தால், அப்போதுதான் அண்ணாச்சி கடைக்குப் போக வேண்டும்.

எரியும் நிலையிலும் செல் பெட்டியில் 2.7 வோல்ட் இருக்கிறது, ஆனால் பல்பின் இரு முனைகளுக்கு இடையில் 1.9 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 0.8 வோல்ட் மறைந்துபோகவில்லை. ஒரு வளையத்தைச் சுற்றி வரும்போது இறங்கும் வோல்ட்டுகளின் கூட்டுத்தொகை செல் கொடுத்த வோல்ட்டுக்குச் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்பது 1845-இல் கிர்க்காஃப் வகுத்த விதி. எனவே மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நல்ல இணைப்பின் குறுக்கே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். 0.5, 0.6 என்று எங்கே வருகிறதோ அந்த முறுக்கு தளர்ந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது. பல இழைக் கம்பியில் ஒன்றிரண்டு இழைகள் மட்டுமே மிஞ்சித் தொட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒரு பல்பைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடுகின்றன

இதைப் பிழை என்பதைவிடத் தொடரிணைப்பின் இயல்பு என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறையிலும் தனித்தனியே எரிய வேண்டுமானால், ஒவ்வொரு பல்பின் இரு முனைகளும் செல்லின் இரு முனைகளோடு தனித்தனியே சேருமாறு பக்க இணைப்பில் அமைக்க வேண்டும்.

தொடரிணைப்பிலுள்ள இரண்டு பல்புகளில் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரிந்தால், முன்னே இருப்பது அதிகம் எடுத்துக்கொண்டது என்ற கடைமடை எண்ணம் மீண்டும் தலைதூக்கும். இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிரகாசமாக எரிந்த பல்பு எங்கே போனாலும் பிரகாசமாகவே எரியும். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடும்போது, தடை கூடுதலாக உள்ள பல்பிலேயே அதிக வோல்ட் இறங்குகிறது. வெளிச்சமும் அதிலேயே கூடுகிறது. இரண்டும் ஒரே குறியீடு உள்ள பல்புகளாக வாங்கினால் இந்த வேறுபாடு அநேகமாக இருக்காது.

ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும், ஊர்க் கொடை விழாக்களிலும் தொங்கும் சீரியல் செட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். 6 வோல்ட் சிறு பல்புகளை 38 அளவில் தொடராகக் கோத்தால் அவை 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பல்புக்கு 6 வோல்ட்தானே என்ற தைரியத்தில், எரியாத சரத்தில் அறுந்த பல்பைக் கையால் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் அறிகுறியில் சொன்னதை நினைவுகூருங்கள்: பாதை அறுந்த இடத்தில் முழு வோல்ட்டும் வந்து நிற்கும். அணைந்துபோன சரத்தில் அந்த ஓர் அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கு இடையில் இருப்பது 6 வோல்ட் அன்று, 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகே அதைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பல்பு எரியவில்லை, செல் சூடாகிறது

உடனே ஒரு கம்பியைக் கழற்றுங்கள். இது குறுக்குச் சுற்று. நேர் கம்பியும் எதிர் கம்பியும் பல்புக்கு முன்பே எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. இரு செல்களின் உள்தடை சேர்ந்து 1 ஓம் என்று கொண்டால், 3 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் ஓடும். தடுக்க வேறெதுவும் இல்லாததால் அந்த வெப்பமெல்லாம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே உண்டாகும். தேட வேண்டிய இடங்கள் ஹோல்டரின் இரண்டு திருகுகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இழை, தெர்மாகோலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் தோலுரிந்த கம்பி, அலங்காரத்துக்கு ஒட்டிய ஜிகினாத் தாள் ஆகியவை. உலோகப் பூச்சுள்ள ஜிகினாத் தாள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும் என்பது பலருக்கும் நினைவில் வருவதில்லை.

செல்லைக் கழற்றிவிட்டு, பல்பையும் ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, மீட்டரை ஒலியெழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து நேர், எதிர் கம்பிகளைத் தொடுங்கள். பல்பு இல்லாமலும் மீட்டர் ஒலித்தால் கம்பிகள் சேர்ந்திருப்பது உறுதி. பல்பை எடுக்காமல் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். எரியாமல் குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது உள்ள 8 ஓம் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால், நல்ல பல்பே குறுக்குச் சுற்றைப்போல் ஒலியெழுப்பும்.

எல்.இ.டி. எரியவில்லை, அல்லது ஒரு கணம் ஒளிர்ந்து கருகிவிட்டது

எல்.இ.டி. ஒரே திசையில்தான் மின்சாரத்தை விடும். நீளமான கால் நேர்முனைக்குச் சேர வேண்டும். இங்கே நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு ஓடுவதாகக் கொள்ளும் திசையும் எலக்ட்ரான்கள் உண்மையில் நகரும் திசையும் எதிரெதிரானவை. 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகவே நேர், எதிர் என்ற பெயர்கள் நிலைபெற்றுவிட்டன. சுற்றமைக்கும்போது பழைய மரபையே பின்பற்றுங்கள். கணக்கில் எந்தப் பிழையும் வராது.

சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட் தேவை. ஆகவே ஒற்றைச் செல்லில் எதுவும் எரியாது. சற்றே தேய்ந்த இரண்டு செல்களில் சிவப்பு எரியும், வெள்ளை மினுங்குவதோடு நின்றுவிடும். கருகுவதற்குக் காரணம் தடையம் இல்லாமல் நேரடியாக இணைப்பதே. 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. வைத்தால் மீதி 7 வோல்ட்டைத் தாங்க ஒரு தடையம் வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதுமென்று கொண்டால், ஓமின் விதிப்படி 7-ஐ 0.015-ஆல் வகுக்க 467 வருகிறது. கடையில் 470 ஓம் என்று கேட்டால் கிடைக்கும்.

மின்னோட்டம் அளக்கப் போனால் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைச் செல்லின் இரு முனைகளிலும் நேரடியாக யாரோ வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விட்டது. அந்த அளவில் மீட்டர் வெறும் கம்பிக்கு ஒப்பானது. சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில்தான் அதைச் சேர்க்க வேண்டும். ஃபியூஸை மாற்றும்போது மீட்டரில் எழுதியிருக்கும் அதே அளவில் மாற்றுங்கள்.

வீட்டில்: டெஸ்டர் இரண்டு துளைகளிலும் ஒளிர்கிறது, விளக்கு எரியவில்லை

இதைச் சரிசெய்யச் சொல்லி எழுதவில்லை, புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். டெஸ்டர் ஒளிரும் இரண்டு துளைகளிலும் மின்சாரம் வருகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால், திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி எங்கோ அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. போட்டு வைத்த மற்றொரு மின்விசிறியின் வழியாகவோ விளக்கின் வழியாகவோ ஃபேஸின் வோல்ட் நியூட்ரல் துளைக்கும் வந்து நிற்கிறது. மூன்று வோல்ட் சுற்றில் திரும்பி வரும் கம்பி அறுந்திருந்தால் பல்பின் மறுமுனையிலும் 3 வோல்ட் காட்டும், அதே நிகழ்வுதான் இது. இங்கே அளவு மட்டும் உயிரைப் பறிக்கும் 230 வோல்ட். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கவில்லை

இது கம்பியில்லாத சோதனை என்றாலும் இதே மின்னூட்டத்தின் கதைதான். பிளாஸ்டிக் சீப்பை முடியில் தேய்க்கும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்கு இடம்பெயர்கின்றன. அவை அங்கேயே தங்கினால்தான் காகிதத்தை இழுக்கும். தங்கவில்லையென்றால் கசிந்துவிடுகின்றன என்று பொருள்.

முதல் காரணம் தேங்காய் எண்ணெய். காலையில் நன்றாக எண்ணெய் வைத்துத் தலைவாரி வரும் பிள்ளைகளின் முடியில் சீப்பை எவ்வளவு நேரம் தேய்த்தாலும் பயன் கிடைப்பதில்லை. எண்ணெய்ப் படலம் முடியும் பிளாஸ்டிக்கும் நேரடியாக உரச விடுவதில்லை, அதில் அழுக்கும் ஒட்டிக்கொள்கிறது. சீப்பையோ பிளாஸ்டிக் ஸ்கேலையோ சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, உலர்ந்த கம்பளியிலோ பட்டுத் துணியிலோ தேய்ப்பதே உறுதியான வழி.

இரண்டாவது காரணம் காற்றின் ஈரம். ஈரப்பதம் மிகுந்த நாளில் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. மின்னூட்டம் அதன் வழியே நழுவிவிடுகிறது. எனவே இந்தச் சோதனைக்கு நம் நெல்லை மாவட்டத்தில் காலமும் இடமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வரும் காற்று, பாளையங்கோட்டையிலும் நாங்குநேரியிலும் உலர்ந்து வீசும்போது காகிதத் துண்டுகள் துள்ளி ஏறும். அதே நாட்களில் சாரல் விழும் பாபநாசம் அடிவாரத்தில் அவை அசைவதேயில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் எந்த ஊரிலும் இது சிரமம்தான். வேறு வழியில்லாதபோது சீப்பையும் துணியையும் காகிதத்தையும் சற்று நேரம் நல்ல வெயிலிலோ, எரியும் குண்டு பல்பின் அருகிலோ வைத்துச் சூடாக்கிவிட்டு உடனே செய்து பாருங்கள்.

காகிதம் ஒட்டிவிட்டுச் சிறிது நேரத்தில் தானாகத் தெறித்து விழுவதைச் சிலர் பிழை என்கிறார்கள். அது பிழை அன்று. தொட்டவுடன் சீப்பின் மின்னூட்டத்தில் ஒரு பகுதி காகிதத்துக்கு மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே வகை மின்னூட்டம் பெற்றதால் ஒன்றையொன்று விலக்குகின்றன.

பாட்டிலுக்குள் கம்பியில் இரண்டு அலுமினியத் தாள் இலைகளைத் தொங்கவிட்டு, மின்னூட்டம் இருப்பதைக் காட்டச் செய்யும் மின்காட்டியில் வரும் குறை ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. சீப்பை அருகே கொண்டுவரும்போது இலைகள் விரிகின்றன, விலக்கினால் மூடிக்கொள்கின்றன, மின்னூட்டம் தங்குவதில்லை என்பார்கள். மூடியாக அட்டையோ ஈரத் தக்கையோ வைத்திருந்தால், கம்பி நுழையும் இடத்தைச் சுற்றி மெழுகுவர்த்தி மெழுகை உருக்கி ஊற்றுங்கள். மெழுகு மிகச் சிறந்த காப்புப் பொருள். பிறகு சீப்பை அருகில் பிடித்தபடியே, மேலே உள்ள உலோகத்தை விரலால் ஒரு கணம் தொடுங்கள். விலக்கப்பட்ட எலக்ட்ரான்கள் உங்கள் உடல் வழியே தரைக்குப் போய்விடும். அடுத்த படியில்தான் பெரும்பாலோர் வரிசை மாற்றிவிடுகிறார்கள்: சீப்பை முதலில் விலக்கினால், போன எலக்ட்ரான்கள் அதே விரல் வழியே திரும்பி வந்து இலைகள் மூடிக்கொள்ளும். விரலை முதலில் எடுத்துவிட்டு, அதன் பின்னரே சீப்பை விலக்க வேண்டும். அப்போது சீப்புக்கு எதிரான மின்னூட்டத்தோடு இலைகள் விரிந்தே நிற்கும்.